ஊர்ப் பூங்காவைத் திருத்துவது எப்படி: காணிக் கடிதம் முதல் கடைசி பில் வரை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு சிறுவர் பூங்காவையோ வாவிக்கரைத் திடலையோ திருத்தக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். ஒரு வட்ஸ்அப் குழு, யாரோ அனுப்பிய சிங்கப்பூர்ப் பூங்காப் படம், சுவிஸில் இருக்கிற ஒரு அண்ணன் தருவதாகச் சொன்ன காசு. கொஞ்ச நாளில் ஊஞ்சலும் சறுக்கியும் வந்து இறங்கிவிடும், அதன் பிறகுதான் காணி யாருடையது, புல் யார் வெட்டுவது, கேட் சாவி யாரிடம் என்ற கேள்விகள் வரும். அதற்குள் துருவும் வந்துவிடும்.

ஊஞ்சல் கடைசி வேலை. காணி, பராமரிப்பு, காலம் மூன்றையும் முதலில் கட்டிப்போட்டால் காசு தேடுவதே பாதி சுலபமாகிவிடும். இதைச் சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், வட்டார உறுப்பினரோடு சேர்ந்து ஓடுகிற இளைஞர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். மாநகர சபைக்கும் நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் சட்டங்கள் வேறு வேறு, ஆனால் வேலையின் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பதிவுள்ள ஒரு அமைப்பு வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ, எதுவானாலும் பதிவு நடப்பில் இருக்க வேண்டும், வங்கிக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், கடைசி ஆண்டின் கணக்கறிக்கை கையில் இருக்க வேண்டும். பல சங்கங்களுக்குப் பெயர்ப் பலகை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அப்படியென்றால் முதல் வேலை பொதுக்கூட்டம் போட்டுப் புதுப்பிப்பது.

கூட்டறிக்கைக் கொப்பி ஒன்று. "இந்தப் பூங்காவைத் திருத்தக் கோருகிறோம்" என்ற தீர்மானம் திகதியோடும் கையொப்பங்களோடும் அதில் இருக்கட்டும். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதன் போட்டோகொப்பியைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரு கோவை. கொடுக்கிற ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் "பெற்றுக்கொண்டேன்" என்ற முத்திரையோ கையொப்பமோ வாங்கி அதில் போடுங்கள். வாய்ப்பேச்சு அதிகாரி இடமாற்றத்தோடு போய்விடும், முத்திரை போகாது.

2. காணி யாருடையது என்று எழுத்தில் எடுங்கள்

"அது சபைக் காணிதான், எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்வார்கள். எல்லாருக்கும் தெரிந்த காணிகளில்தான் பிரச்சினை. நம் பக்கத்தில் பூங்காவாகப் புழங்குகிற நிலம் பிரதேச செயலாளரின் பொறுப்பிலுள்ள அரச காணியாக இருக்கலாம், சபையின் பெயரில் இருக்கலாம், வீதி ஒதுக்கமாகவோ வாவிக்கரை ஒதுக்கமாகவோ இருக்கலாம், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பாடசாலைக்கோ சொந்தமானதாகக்கூட இருக்கலாம்.

கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டு, நில அளவை வரைபடத்தின் பிரதி எடுங்கள். சபையிடம் அந்தக் காணி தன் ஆதனப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கடிதம் மூலம் கேளுங்கள். இது ஏன் முதல் படி என்றால், சபை தனக்குச் சொந்தமில்லாத காணியில் செலவு செய்தால் கணக்காய்வு கேள்வி எழுப்பும். அதனால் கையொப்பமிட வேண்டியவர் கோவையை மேசையிலேயே வைத்திருப்பார், மறுக்கவும் மாட்டார், தரவும் மாட்டார்.

பதில் வராவிட்டால் சண்டை வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். கேள்வியைச் சின்னதாக, ஆவணத்தின் பெயரோடு கேளுங்கள்: "இந்தப் பூங்காவுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, காணி உரித்து ஆவணத்தின் பிரதி." "பூங்கா ஏன் இப்படிக் கிடக்கிறது?" என்று கேட்டால் அதற்குப் பதிலான ஆவணம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

3. பூங்காவைப் பார்க்கப் போங்கள், வேறு வேறு நேரத்தில்

காலை 6 மணிக்கு நடக்க வருகிறவர்கள், மாலை 4 மணிக்குப் பிள்ளைகளோடு வருகிற அம்மாமார், இரவு 8 மணிக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள், மூவரும் வேறு வேறு பூங்காவைப் பாவிக்கிறார்கள். குழுவில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வகை. அதனால்தான் கோரிக்கைப் பட்டியலில் கரப்பந்து மைதானமும் மின்விளக்கும் மேலே வரும், மலசலகூடமும் நிழலும் கீழே போகும்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். பொதுக்கூட்டத்தில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு தம்பி" என்பார்கள். மாதர் சங்கத்தில் போய் உட்கார்ந்து "ஏன் அக்கா அங்க வாறதில்ல?" என்று கேட்டால் உண்மையான பட்டியல் வரும்: வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிள்கள், கதவில்லாத மலசலகூடம், ஆறு மணிக்குப் பிறகு இருட்டாகிற அந்த ஒரு மூலை. இதில் பாதிக்குப் பெரிய காசே தேவையில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் கேளுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, எந்த வடிகானால் போனது என்று அக்கம்பக்கத்து வீட்டாரிடம் கேட்டு, ஒரு கையால் வரைந்த படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பொறியியலாளருக்கு அது ஆயிரம் ஒளிப்படத்தைவிடப் பயன்படும்.

4. கட்டுமுன் பராமரிப்புக் கணக்கு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். கட்டுவதற்குக் காசு தர ஆட்கள் உண்டு, கூட்டுவதற்குத் தர யாருமில்லை. திறப்பு விழாவுக்கு நாடா உண்டு, புல் வெட்டும் இயந்திரத்தின் பெற்றோலுக்கு நாடா கிடையாது.

ஒரு தாளில் எழுதுங்கள்: புல் வெட்டுவது மாதம் எத்தனை தடவை, குப்பை எடுப்பது யார், தண்ணீர் பில், மின்சார பில், மலசலகூடம் கழுவுகிறவர், பெயின்ற், ஊஞ்சல் சங்கிலி, எரிந்துபோன பல்புகள், சாவி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் அல்லது ஒரு பதவி வர வேண்டும். வெறுமையாக இருக்கிற ஒவ்வொரு வரியும் இரண்டு வருடத்தில் பழுதாகப்போகிற ஒரு பொருள்.

"சபை ஒரு ஆளைப் போடட்டும்" என்று எழுதிவிட்டு நகரவேண்டாம். உள்ளூராட்சி சபைகள் நினைத்தவுடன் நிரந்தர ஊழியர் எடுக்க முடியாது, ஆளணிக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். எனவே ஏற்கெனவே இருக்கிற தொழிலாளர் குழுவின் வாராந்தச் சுற்றில் உங்கள் பூங்காவைச் சேர்க்கும்படி கேளுங்கள். அது சபையின் ஆணையாளரோ செயலாளரோ ஒரு குறிப்பில் முடிக்கக்கூடிய விஷயம்.

பூங்காவுக்குள் ஒரு குளிர்பானக் கடை போட்டு அந்த வாடகையில் பராமரிக்கலாம் என்ற யோசனை நல்லதுதான், ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த வாடகை சபையின் நிதிக்குள் போகும், பூங்காவுக்கு என்று தானாக ஒதுங்காது. பாதீட்டில் "பூங்கா பராமரிப்பு" என்று தனி வரியும் அதில் ஒரு தொகையும் வரச் செய்தால்தான் அந்தக் காசு திரும்பி வரும். கடைக்காரரே மலசலகூடத்தைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையை வாடகை ஒப்பந்தத்தில் போடுவது இன்னும் நல்லது. அங்கே நாள் முழுக்க இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மலசலகூடத்துக்குத் தண்ணீரும் ஆளும் உறுதியாகவில்லை என்றால் கட்டாதீர்கள். பூட்டிக்கிடக்கும் மலசலகூடம் பூங்காவில் இருட்டு மூலை ஒன்றைக் கூட்டுவது மட்டும்தான் செய்யும்.

5. திட்டம் போடும்போது நம் மண்ணுக்கான விஷயங்கள்

நிழல் முதலில். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் நான்கு மணிக்கும் தகரச் சறுக்கியில் கைவைக்க முடியாது. சறுக்கியை மேற்கு நோக்கி வைக்காதீர்கள், மரத்துக்குக் கிழக்கே வையுங்கள்.

உப்புக்காற்று அடுத்தது. கல்லடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற கடலோரங்களில் சாதாரண இரும்புக்குப் பெயின்ற் அடித்து நட்டால் வெல்டிங் மூட்டுகளிலிருந்து துரு தொடங்கும். முழுதாக நாகமுலாம் (கல்வனைஸ்) பூசிய குழாய் கேளுங்கள், அதுவும் வெட்டி ஒட்டிய பிறகு பூசியதாக இருக்க வேண்டும். முதலில் பூசிவிட்டுப் பிறகு ஒட்டினால் மூட்டில் முலாம் போய்விடும், துருவும் அங்கிருந்தே வரும். இந்த ஒரு வாக்கியத்தை மதிப்பீட்டில் எழுதாவிட்டால் ஒப்பந்தக்காரர் மலிவானதைத்தான் நடுவார், அவரைக் குறைசொல்லவும் முடியாது.

ஊஞ்சலுக்கு இடம் விடுங்கள். அமெரிக்க விளையாட்டுத்திடல் பாதுகாப்புக் கையேட்டின்படி ஊஞ்சல் தொங்குகிற கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் வெறுமையாக இருக்க வேண்டும். 8 அடி உயரம் என்றால் முன்னே 16 அடி, பின்னே 16 அடி. கீழே கொங்கிறீட்டோ இறுகிய கிரவலோ கூடாது, தளர்ந்த மணல் வேண்டும். 4 அடி உயரத்திலிருந்து விழுகிற பிள்ளைக்கு 9 அங்குல மணல் என்கிறது அதே கையேடு. கடற்கரை ஊர்களில் மணலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதைக் கிளறிவிட ஆள் வேண்டும், நான்காம் படித் தாளில் அதையும் எழுதுங்கள்.

பழைய டயரில் ஊஞ்சலோ இருக்கையோ செய்தால் அடியில் பெரிய துளை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும், டெங்குப் பரிசோதனைக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சரியாக அங்கேதான் குனிந்து பார்ப்பார்.

குழாய்க்கிணறு என்றால் தண்ணீரை ஆகஸ்ட்டில் சோதியுங்கள். ஜனவரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் வரட்சி மாதங்களில் உப்பு ஏறும், செடிக்குக்கூட ஆகாது.

கட்டாக்காலி மாடுகளை மறக்காதீர்கள். கேட் வைத்தால் திறந்து கிடக்கும். சக்கர நாற்காலி நுழையும்படியும் மாடு நுழையாதபடியும் வளைந்த வாசல் ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்விக்கலாம், ஆனால் உண்மையான ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து உருட்டிப் பார்த்த பிறகுதான் சீமெந்து போடுங்கள். சாய்தளம் 12 அடிக்கு 1 அடியைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது.

6. மதிப்பீடு, அப்புறம் அனுமதி

மதிப்பீட்டை சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு எடுங்கள். தெரிந்த மேசன் சொன்ன தொகை குழுவுக்குள் பேச உதவும், அரச காசுக்கு உதவாது. அரச மதிப்பீடு மாகாணத்தின் அங்கீகரிக்கப்பட்ட விலைப்பட்டியலை வைத்துத்தான் போடப்படும். அவர் வருகிற அன்று உங்கள் வெள்ளப் படமும் பூங்காவைப் பாவிக்கிறவர்கள் பட்டியலும் முன்னுரிமைப் பட்டியலும் தயாராக இருக்கட்டும், இல்லாவிட்டால் அவர் போன வேலையின் அளவைப் பட்டியலில் (BOQ) தலைப்பை மட்டும் மாற்றித் தந்துவிட்டுப் போவார்.

வரியைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். பெறுமதி சேர் வரி 18 சதவீதம். ஒரு பேச்சுக்கு 10 இலட்சம் என்று காசு கேட்டு வாங்கினீர்கள், வரிப்பதிவுள்ள ஒப்பந்தக்காரர் வந்தால் பில் 11 இலட்சத்து 80 ஆயிரம். அந்த வித்தியாசத்துக்காக வெட்டப்படுவது எப்போதும் மரமும் இருக்கையும்தான்.

கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோர வலயம், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலோடு தொடர்புள்ள வாவியின் கரைக்கும் இந்த வலயம் நீளும், ஆகவே வாவியோரப் பூங்காவுக்கு "இது கடற்கரை இல்லையே" என்று விட்டுவிட வேண்டாம். பூங்காவின் புது வாசல் கல்முனை வீதி மாதிரி பிரதான வீதியில் திறக்கிறதென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்க வேண்டும். கண்டல் மரம் நிற்கிற கரை என்றால் அதைத் தொடாமல் திட்டத்தை வரைவதுதான் மிக மலிவான அனுமதி.

7. காசு: எந்தப் பையில் என்ன கேட்பது

எல்லாரிடமும் முழுப் பூங்காவையும் கேட்பது பெரிய பிழை. ஒவ்வொரு காசுக்கும் ஒரு குணம் இருக்கிறது.

சபையின் சொந்த நிதி, அதாவது சோலைவரியும் வாடகைகளும். இது சின்னது, ஆனால் ஆண்டுதோறும் வரும். எனவே இதில் பராமரிப்பைக் கேளுங்கள். சபையின் பாதீடு அடுத்த ஆண்டு தொடங்குமுன் நிறைவேற வேண்டும், ஆகவே உங்கள் கடிதம் ஆகஸ்ட் செப்டெம்பரிலேயே வட்டார உறுப்பினரின் கையிலும் ஆணையாளரின் மேசையிலும் இருக்க வேண்டும். டிசம்பரில் போய் நின்றால் தேநீர் கிடைக்கும்.

மாகாண அபிவிருத்தி நிதியும் பாராளுமன்ற உறுப்பினர் வழியாக வருகிற பன்முகப்படுத்தப்பட்ட நிதியும். இவற்றில் கண்ணுக்குத் தெரிகிற கட்டுமானம் கேட்கலாம்: வேலி, நடைபாதை, வடிகான். பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டத்திலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் பெயர் பேசப்பட்ட வேலைகளுக்கு வாய்ப்பு அதிகம். பேசப்படுவதற்கு ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் அதன் பின்னால் மதிப்பீடும் காணிக் கடிதமும் இணைந்திருக்க வேண்டும். வருட நடுவில் எங்காவது ஒரு வேலை நின்றுபோய் காசு மிஞ்சும். அப்போது "உடனே தொடங்கக்கூடியது எது?" என்று கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, கேட்பார்கள். முழுக் கோவை வைத்திருக்கிறவருக்குத்தான் அந்தக் காசு. நம் பக்கத்தில் பல நல்ல வேலைகள் இப்படி ஒரு செப்டெம்பர் மாதத் தொலைபேசி அழைப்பில் பிறந்தவைதான்.

வெளிநாட்டு நிதித் திட்டங்கள். உலக வங்கி ஆதரவுடன் வடக்கு, கிழக்கு, வடமத்திய, ஊவா மாகாணங்களின் சபைகளுக்கு நடந்த உள்ளூர் அபிவிருத்தி ஆதரவுத் திட்டம் மாதிரியானவை. இவை தனி ஊர்ச்சங்கத்துக்கு வராது, சபைக்கு வரும். உங்கள் பூங்கா சபையின் அபிவிருத்தித் திட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தால்தான் உள்ளே போகும். அந்த ஒரு வரியைப் போட வைப்பது இலவசம்.

புலம்பெயர்ந்த உறவுகள். வேகமான காசு, ஆனால் ஒரு தடவைதான். இதில் விளையாட்டுப் பொருட்களும் இருக்கைகளும் மரக்கன்றுகளும் கேளுங்கள். தனி ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசு வரக்கூடாது, சங்கத்தின் கணக்குக்கு வர வேண்டும். பொருளை நடுமுன் சபையில் ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஊஞ்சல் உடையும்போது "அது எங்கள் சொத்தில்லை" என்று சபை சொல்லும், சரியாகவும் சொல்லும். பெயர்ப்பலகையின் அளவை முதலே பேசி எழுதிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அதில் முறிந்த உறவுகள் நிறைய.

8. இரண்டு நாட்காட்டிகள்

காசின் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. மழையின் ஆண்டு வேறு. நம் பக்கம் மாரி மழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும், நவம்பர் டிசம்பரில் நிலமே தெரியாது. அரச ஒதுக்கீடோ வருட நடுவில் வந்து, டிசம்பருக்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போகும். அதனால்தான் எங்கள் ஊர்களில் நவம்பர் மழைக்குள் கொங்கிறீட் போடுகிற காட்சி.

இதற்கு வழி: மதிப்பீடு, காணி, அனுமதி மூன்றையும் முந்தைய ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். மண் வேலையும் கொங்கிறீட்டும் பெப்ரவரி கடைசியிலிருந்து செப்டெம்பருக்குள். மரம் மட்டும் ஒக்டோபர் முதல் மழையில்.

முழுக் காசும் ஒன்றாக வராது, எனவே கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் தனியாகப் பயன்படக்கூடியதாக இருக்கட்டும். முதலில் வடிகான், நிரவல், வேலி, மரம். அடுத்து நடைபாதை, இருக்கை, விளக்கு. கடைசியில் விளையாட்டுப் பொருட்கள். அரச கொள்முதலுக்கான பெறுகை விதியின் தொகை எல்லைக்குள் நிற்பதற்காக ஒரே வேலையைத் துண்டுதுண்டாக வெட்டுவது வேறு விஷயம். அது கணக்காய்வில் பிடிபடும், கையொப்பமிட்ட உத்தியோகத்தர்தான் மாட்டுவார், அதற்குப் பிறகு உங்கள் கோவையை யாரும் தொடமாட்டார்கள்.

9. வேலை நடக்கும்போது

சின்ன வேலைகளைச் சமூக ஒப்பந்தமாக உங்கள் சங்கமே எடுக்கலாம். ஒப்பந்தக்காரரின் இலாபம் பூங்காவிலேயே தங்கும். ஆனால் காசு வேலை முடிந்து அளந்த பிறகுதான் வரும், அதுவரை சீமெந்துக் கடைக்கும் மேசனுக்கும் யார் கொடுப்பது என்று தெரியாமல் எடுக்காதீர்கள்.

வெளி ஒப்பந்தக்காரர் என்றால் அளவைப் பட்டியலின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணுக்குள் மறையப்போகிற வேலையை மட்டும் பாருங்கள்: அத்திவாரத்தின் ஆழம், தூணைச் சுற்றிய கொங்கிறீட், குழாயின் சாய்வு. அளவு நாடா வைத்து ஒளிப்படம் எடுங்கள். மேலே தெரிகிறதைப் பிறகும் பார்க்கலாம். குறை கண்டால் மேசனிடம் சத்தம் போடவேண்டாம், தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு எழுத்தில் சொல்லுங்கள். பில்லில் கையொப்பம் அவருடையது.

10. மரம்

கடலோரத்துக்குப் பூவரசும் புன்னையும். உள்ளே வேம்பும் புங்கையும், நன்னீர்க் குளக்கட்டுப் பக்கமென்றால் மருது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் தென்னை வேண்டாம், தேங்காய்க்குக் கண் இல்லை. ஆலையும் அரசையும் வடிகானுக்கும் மதிலுக்கும் தூரத்தில் வையுங்கள்.

ஒக்டோபரில் நட்டால் மழை முடியுமுன் வேர் ஓடிவிடும். ஆனால் கன்று சாவது மழையில் இல்லை, அடுத்த மே முதல் செப்டெம்பர் வரையான வெயிலில்தான். கன்றுக்கு ஒரு வீடு என்று பூங்காவைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். நூறு கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட இருபது கன்றும் அவற்றைச் சுற்றி இருபது காப்புக் கூடும் மேல்.

11. கையளிப்பும் பிடிப்புப் பணமும்

வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரரின் பில்லில் ஒரு பகுதியைச் சபை பிடித்து வைத்திருக்கும், வழக்கமாக ஓராண்டுக் குறைதிருத்தக் காலம் முடிந்தபின் விடுவிப்பார்கள். இந்தக் காலம் எந்தத் திகதியில் முடிகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான சங்கங்கள் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், உடைந்த நடைபாதைக்குப் புதிதாகக் காசு தேடிக்கொண்டிருக்கும்.

முதல் பருவமழை ஓய்ந்ததும் ஒரு ஜனவரிக் காலையில் குழுவோடு போய்ப் பாருங்கள்: நடைபாதை எங்கே தாழ்ந்திருக்கிறது, தூண் ஆடுகிறதா, வெல்டிங் மூட்டில் சிவப்புத் தெரிகிறதா, தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒளிப்படமும் ஒரு வரியும் சேர்த்து, பிடிப்புப் பணம் விடுவிக்கப்படுமுன் சபையில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள்.